சுருதிக்குக் கிடைத்த கைதட்டல்

கிழக்கு வங்காள அகதிகளின் துயர் துடைக்க, 1971 ஆகஸ்ட் 1-இல் நியூயார்க்கில் ரவிசங்கரும், பீட்டில்ஸ் குழுவிலிருந்த ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய இசையரங்கு 1972-இல் திரைப்படமாயிற்று. பின்னர் வீடியோவாக இல்லங்களை எட்டியது.

அலி அக்பர் கானின் சரோதும் அல்லாரக்காவின் தபலாவும் சிதாரோடு சுருதி சேர்க்கும்போதே, அதனையே வாசிப்பென எண்ணி அவையோர் கைதட்டினர். நன்றி கூறிய ரவிசங்கர், வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என நம்புவதாகச் சொன்னார். இக்காட்சியை வெட்டாது வைத்ததே படத்தின் நேர்மை என்போம். ஈயும் மனம் விரிந்திருந்தது. கேட்கும் செவி இன்னும் பழகவில்லை. இரண்டையும் படம் மறைக்கவில்லை.

நமக்கும் இதில் பாடமுண்டு. மதுரை வட்டாரத்து மீலாது மேடைகளைப் படம்பிடிக்கும் நம் இளைஞர்கள் பாடகரின் முகத்தோடு நின்றுவிடலாகாது, கேட்போரையும் பதியட்டும். கேட்போரில்லாத கச்சேரி பாதிக் கச்சேரியே.