ஒரே வேர், இரண்டு அநியாயம்

இனிக்விட்டி, இனெக்விட்டி. தமிழில் எழுதினால் ஓர் எழுத்துதான் வேறு: ஒன்றில் 'னி', மற்றதில் 'னெ'. அநியாயத்தைக் குறிக்கும் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் நடுவே அந்த ஓர் எழுத்து எவ்வளவு பொருளை வைத்திருக்கிறது!

இரண்டின் வேரும் 'ஏக்குவஸ்' என்ற லத்தீன் சொல். மேடுபள்ளம் இல்லாத, சமமான என்பது பொருள். நேர்மையான என்ற பொருள் அதிலிருந்து விரிந்தது. எதிர்மறையான 'இன்' முன்னால் சேரும்போது, லத்தீன் ஒலிமரபுப்படி அச்சொல்லின் முதல் உயிர் மெலிந்து 'இ' ஆனது. அப்படித் திரிந்த வடிவம் பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது: இனிக்விட்டி. இனெக்விட்டி, நியாயம் என்று பொருள்படும் 'எக்விட்டி' என்ற சொல்லோடு அதே முன்னொட்டைச் சேர்த்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திலேயே உண்டானது. அதனால்தான் அதன் உயிர் திரியவில்லை.

மூத்த சொல்லில் பாவத்தின் கறை உண்டு. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அது திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ் வேதாகமம் அந்த இடங்களில் பெரும்பாலும் 'அக்கிரமம்' என்கிறது. கேட்டதும் கெட்ட நெஞ்சமுள்ள ஒருவன் கண்முன் வந்து நிற்கிறான். இளைய சொல் எவனையும் சுட்டுவதில்லை. வரியில், கூலியில், கல்வியில், மருத்துவத்தில் ஏற்பாடே கோணலாக இருப்பதை அது சொல்கிறது. எல்லோரும் நல்லவர்களாக இருந்தும் அநியாயம் நடக்கலாம் என்ற நுட்பமான உண்மை அதற்குள் இருக்கிறது.

இனெக்விட்டியின் இன்னொரு நயம், அதை 'இனிக்வாலிட்டி' (சமமின்மை) என்ற சொல்லின் பக்கத்தில் வைத்தால் தெரியும். இனிக்வாலிட்டி வேறுபாட்டை அளப்பதோடு நின்றுவிடும். இளைஞரைவிட முதியவர் அதிகம் நோயுறுவது வேறுபாடு. ஏழை என்பதால் ஒரு தாய் பிரசவத்தில் இறப்பது இனெக்விட்டி. பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர் மார்கரெட் வைட்ஹெட் 1990இல் சுகாதாரத் துறைக்கு இந்தக் கோட்டைத் தெளிவாக வரைந்தார்: தேவையற்றது, தவிர்க்கக்கூடியது, அதோடு நியாயமற்றது என்று கருதப்படுவதே இனெக்விட்டி.

'தவிர்க்கக்கூடியது' என்பதில்தான் அந்தச் சொல்லின் உயிர் இருக்கிறது. இனி ஓர் ஏற்றத்தாழ்வைக் காணும்போது, இதைத் தவிர்த்திருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால், அதைத் தலைவிதி என்று சொல்லாதீர்கள்.