கீழே இரை, மேலே கழுகு

வல்லூறு இரையை அடித்து வீழ்த்தியதும் வேடிக்கை பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். வளர்த்தவருக்கோ அப்போதுதான் வயிற்றைக் கலக்கும். உயரத்தில் இருக்கும்வரை அதன் வேகமே அதற்குப் பெரும் காவல். தரைக்கு வந்து, இரண்டு சிறகையும் குடைபோல் கவிழ்த்து இரையை மூடிக்கொண்டு, குனிந்து இறகு பிடுங்கத் தொடங்கிவிட்டால் தலைக்கு மேல் என்ன வருகிறது என்பதில் அதற்குக் கவனம் இராது. பெட்டைப் பெரிகிரின் வல்லூறே ஏறக்குறைய ஒரு கிலோதான். ஆண் அதைவிடச் சிறியது. நான்கைந்து கிலோ எடையுள்ள பொன்னிறக் கழுகின் பார்வையில் அங்கே ஒன்றல்ல, இரண்டு இரைகள் கிடக்கின்றன.

பறவையைப் பழக்கி வேட்டைக்கு விடும் கலையை 2010இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அதில் 11 நாடுகள் இருந்தன. 2021இல் அது 24 ஆயிற்று. இந்த மரபுகளையெல்லாம் பறவையின் கண்ணை மறைக்கும் குல்லாவின் தையல், மணியின் நாதம், கையுறையின் வேலைப்பாடு என்று ஒப்பிட்டு எழுதுவது வழக்கம். எனக்கு அதில் அவ்வளவு ருசியில்லை. காட்டுப் பறவையிடமிருந்து தன் பறவையைக் காக்க ஒரு மரபு என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் அதன் தரத்தை அளக்கத் தோன்றுகிறது.

சிலருக்கு இந்தக் கவலை குறைவு. மங்கோலியாவின் பாயன்-உல்கியில் கசாக் வேட்டைக்காரர்கள் குதிரைமேல் ஏந்திப் போவதே பொன்னிறக் கழுகைத்தான். ஜப்பானிய மரபின் நாயகன் கோஷாக் என்னும் பருந்து. கைமுட்டியிலிருந்து கிளம்பி ஒரே பாய்ச்சலில் வேலையை முடிக்கும் பறவை, ஆளைவிட்டு அதிக தூரம் போகாது. தலைவலியெல்லாம் உயரத்தில் வட்டமிடவிட்டு அங்கிருந்து பாயவைக்கும் மரபுகளுக்கும், இரையைத் துரத்தி வெகுதூரம் போகவிடும் மரபுகளுக்கும்தான்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது நெதர்லாந்தின் வால்கன்ஸ்வார்ட். வலசை போகும் வல்லூறுகளைப் பிடித்து ஐரோப்பிய வேட்டைக்காரர்களுக்கு விற்றே பேர் வாங்கிய ஊர் அது; அங்கே மோலன் குடும்பம் இந்தத் தொழிலில் பெயர்பெற்றது. வலைபோட்டுவிட்டு ஆள் குடிசைக்குள் மறைந்திருப்பார். வெளியே சாம்பல் கீச்சான் என்ற சிறு பறவையைக் கட்டி வைத்திருப்பார். மனிதக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வல்லூறு வரும்போதே கீச்சான் பதறும். பதறுகிற விதத்தைப் பார்த்தே வருவது வல்லூறா, வேறு பருந்தா என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்களாம். லின்னேயஸ் 1758இல் இந்தக் கீச்சானுக்கு வைத்த லத்தீன் பெயரிலேயே காவலாள் என்ற பொருள் இருக்கிறது.

அப்படிப் பிடிபட்ட வலசைப் பறவைக்குக் கழுகைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காட்டில் சில மாதம் பிழைத்துவந்ததே அதற்குப் படிப்பு. இன்றைய பறவைகளில் பெரும்பாலானவை கூண்டில் பிறந்தவை. கழுகைப் பார்த்தால் விளையாட்டாக அதைத் துரத்திக்கொண்டு போகிற அசடுகளும் உண்டு. பழைய ஐரோப்பிய முறையில் குஞ்சுகளைச் சில வாரம் கட்டில்லாமல் திரியவிடுவார்கள். பறக்கவும் ஒளியவும் அங்கே கற்றுக்கொள்ளும். 1970களில் பறவையியலாளர் டாம் கேட் முதலானோர் அமெரிக்காவில் அருகிப்போன பெரிகிரினை மீட்டெடுத்தது இதே உத்தியால்தான். கிழக்குப் பகுதியில் அந்தக் குஞ்சுகளைக் கொம்பன் ஆந்தை இரவில் வந்து தூக்கிக்கொண்டு போக, மலைப்பாறையை விட்டுவிட்டுச் சதுப்பு நிலத்தில் கோபுரம் கட்டி வைக்க வேண்டியதாயிற்று.

களத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தை, இரைமேல் இருக்கும் பறவையை அணுகுவது. புதிய ஆள் ஓடுவார். பறவை மிரண்டு இரையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடும். ஒருமுறை அந்தப் புத்தி வந்துவிட்டால் அப்புறம் ஆளைக் கண்டாலே விலகும். தேர்ந்தவர் குனிந்து, நேராகப் பார்க்காமல், பக்கவாட்டில் சுற்றி, கையில் இறைச்சித் துண்டுடன் மண்டியிட்டு நகர்வார். தன் உணவைப் பிடுங்க வரவில்லை, கூடுதலாகத் தர வருகிறார் என்று பறவை நம்ப வேண்டும். வானில் கழுகு தெரியும் நாளில் இந்த நிதானத்துக்கு நேரமில்லை, ஓடித்தான் ஆக வேண்டும். ஆள் ஓடிவந்தும் பறவை அசையாமல் இருக்கிறதா என்பதில்தான் பழக்கியவரின் இலட்சணம் தெரியும்.

அமெரிக்காவில் வேட்டைப் பறவை வளர்க்க விரும்புபவர் தேர்வு எழுதி, மூத்தவர் ஒருவரிடம் இரண்டு ஆண்டு பயிலுநராக இருந்து, படிப்படியாகத்தான் மேலே போக முடியும். வயோமிங் புல்வெளியில் சேஜ் க்ரௌஸ் எனும் காட்டுக்கோழியை வேட்டையாடப் போகிறவர்களுக்குப் பொன்னிறக் கழுகு அன்றாட விருந்தாளி. 1962 முதல் அதற்குத் தனிச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. துப்பாக்கி தூக்க முடியாது. கத்தலாம், வண்டியை விரட்டலாம், இரைப்பொம்மையைச் சுழற்றித் தன் பறவையைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். நம் நாட்டில் பாவ்நகர் இளவரசர் தர்மகுமார்சின்ஜி போன்றவர்கள் கொண்டாடிய கலை 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நின்றுபோயிற்று.

சின்ன விஷயம் ஒன்று. காலில் தோல்வார் தொங்க ஒரு வல்லூறு பறந்தால், தூரத்திலிருந்து பார்க்கும் காட்டுப் பருந்துக்கு அது இரையைத் தூக்கிப் போவதுபோலத் தெரியும், பறிக்க வரும். அதனாலும் பறக்கவிடுமுன் நீண்ட வாரைக் கழற்றிவிடுகிறார்கள். கை ஆயிலமர் என்பவர் வகுத்த கணுக்கால் பட்டை இந்த வேலையை எளிதாக்கிற்று.

நேரம் பார்ப்பதிலும் இழுபறி உண்டு. நிலம் சூடேறினால் வெப்பக் காற்றில் கழுகுகள் உயரே ஏறிவிடும். அதற்குமுன் விடியற்காலையில் முடித்துவிடுவது நல்லது. மாலையில் கழுகு இறங்கிவிடும், ஆனால் பறவை தொலைந்தால் இரவு ஆந்தையுடையது. ரேடியோ டிரான்ஸ்மிட்டர் மாட்டாமல் மாலையில் பறக்கவிடுவதைத் துணிச்சல் என்று நான் சொல்லமாட்டேன்.

குல்லாவைக் கழற்றியதும் கையில் இருக்கும் பறவையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திடீரென்று இறகெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொள்ளும்; தலை சாய்ந்து ஒரு கண் மட்டும் மேலே பார்க்கும். நமக்கு அங்கே வெறும் நீலம். பைனாகுலரில் தேடினால் சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. குல்லாவை மறுபடி மாட்டி, நாயைக் கூப்பிட்டு, வண்டியை நோக்கி நடக்க வேண்டியதுதான்.