நின்ற நேரம் யார் கணக்கில்?

புதிய தொழில்நுட்பம் கோலார் தங்கவயலுக்குப் புதிதல்ல. சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-இலேயே இங்கே மின்சாரம் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. ஆனால் 1930-இல் தொழிலாளிகளின் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்தபோது, மூன்று வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. மின்சாரம் வேலையைத் தொட்டது. கைரேகை ஆளைத் தொட்டது. தங்கம் திருடுவான் என்று ஏற்கெனவே சந்தேகத்தோடு சோதிக்கப்பட்டவனிடம் விரலையும் நீட்டச் சொன்னால் அவன் என்ன நினைப்பான்?

இன்றைய டிஜிட்டல் உற்பத்தியில் இந்த இரண்டும் பிரிக்க முடியாமல் ஒன்றாகவே வருகின்றன. இயந்திரத்தில் பொருத்தும் சென்சார் இயந்திரத்தை மட்டும் அளப்பதில்லை, பக்கத்தில் நிற்பவரையும் அளக்கிறது. அதனால்தான் “மாற்றத்தில் ஊழியர்களையும் ஈடுபடுத்துங்கள்” என்ற ஆலோசனை இப்போது எல்லா நிர்வாகக் கருத்தரங்கிலும் ஒலிக்கிறது. ஆலோசனை நல்லதுதான். எந்தக் கட்டத்தில் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

கனமான இரும்புத் தகடுகளை வெல்டிங் செய்யும் பட்டறையை எடுத்துக்கொள்வோம். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் இதை விளக்கவே வேண்டாம். புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்யும் பெமல் ஆலை பக்கத்திலேயே இருக்கிறது, இந்த வேலை தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. புது வகை வெல்டிங் மெஷின், ஆர்க் எரியும் நேரத்தைத் தானே எண்ணி அலுவலகத் திரைக்கு அனுப்பிவிடும். ஆனால் நல்ல வெல்டர் என்ன செய்வார்? தகட்டின் விளிம்பைக் கிரைண்டிங் செய்து சுத்தப்படுத்துவார். தடிமனான தகடு என்றால் முன்கூட்டிச் சூடேற்றுவார், இல்லாவிட்டால் ஆறும்போது விரிசல் விடும். இடைவெளி சரியா என்று பார்ப்பார். இத்தனைக்கும் ஆர்க் எரியாது. திரையில் அவர் சும்மா இருக்கிறார். அவசர அவசரமாகப் பற்றவைத்து, பிறகு அதையே வெட்டி எடுத்து மறுபடி பற்றவைப்பவர்தான் திரையில் சுறுசுறுப்பானவர்!

இன்னொன்று, மெஷின் நின்றால் காரணம் கேட்கும் டேப்லெட். கருவி மாற்றம், பழுது, மூலப்பொருள் இல்லை, ஆபரேட்டர் இல்லை என்று ஒரு பட்டியல் வரும். அதில் ‘கிரேன் வரவில்லை’ என்று ஒரு வரி இல்லாவிட்டால், முக்கால் மணி நேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றவர் எதை அழுத்துவார்? கைக்குக் கிடைத்ததை அழுத்துவார். மாதக் கடைசியில் அது வண்ண வரைபடமாகி மேலாளர் மேசைக்குப் போகும். ஒரு கிரேன் கூடுதலாக வாங்க வேண்டிய இடத்தில் ஆட்களுக்கு ஒழுக்கப் பயிற்சி வகுப்பு நடக்கும்.

ஊழியர் பங்கேற்பின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. அந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்பது மென்பொருள் விற்பவருக்குத் தெரியாது, கிரேனுக்காகக் காத்திருந்தவருக்குத்தான் தெரியும். சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசு பெற்றதற்கு, அனைவரையும் தர மேம்பாட்டில் ஈடுபடுத்தியது ஒரு முக்கியக் காரணம். பட்டறைத் தளத்தின் அறிவு காசாகும் என்பதை நம் பக்கத்திலேயே நிரூபித்த உதாரணம் அது.

காசு யாருக்கு என்பது அடுத்த கேள்வி. ஒரு வேலையை எப்படிக் குறைந்த நேரத்தில் முடிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தவருக்கு மேடையில் சான்றிதழ் கிடைக்கும். அடுத்த மாதம் அந்தக் குறைந்த நேரமே எல்லோருக்கும் இலக்காகிவிடும். அதற்கடுத்த ஆண்டு மூன்று பேர் வேலையை இரண்டு பேர் பார்ப்பார்கள். யோசனைப் பெட்டி காலியாகக் கிடப்பதைச் சோம்பேறித்தனம் என்று படிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. இங்கே சுரங்கங்களை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் 2001-இல் மூடப்பட்ட பிறகு வளர்ந்த தலைமுறை இந்த ஊரில் இருக்கிறது. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில். ‘உற்பத்தித் திறன்’ என்ற பேச்சு எடுத்ததும் அவர்கள் காது கூர்மையாவதில் வியப்பில்லை.

சட்டம் கைகொடுக்குமா? கொஞ்சம். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலேயே, நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் தொழிற்குழு அமைக்க அரசு உத்தரவிட இடமிருந்தது. ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும். 1976-இல் 42-ஆவது திருத்தம், நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை 43ஏ பிரிவாக அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. ஆனால் அது நீதிமன்றத்தில் கேட்டு வாங்க முடியாத வழிகாட்டு நெறி. முன்னறிவிப்பு தர வேண்டிய மாற்றங்களின் பட்டியலிலோ கண்காணிப்புக் கருவி என்ற பேச்சே இல்லை. ஜெர்மனியில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இதை நேராகத் தொடுகிறது: தொழிலாளியின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கக்கூடிய கருவியைத் தொழிலாளர் குழுவின் சம்மதமில்லாமல் ஆலைக்குள் வைக்க முடியாது. இதனால் திட்டங்கள் இழுபடுகின்றன என்ற முணுமுணுப்பு அங்கும் உண்டு, அது பொய்யுமல்ல. குழுவில் இருப்பவருக்கு மென்பொருள் புரியாவிட்டால் தாமதம்தான் மிஞ்சும்.

தாமதத்தின் விலையைப் பார்த்தோம் என்றால், அவசரத்தின் விலையையும் பார்க்க வேண்டும். அதற்குத் தூரம் போக வேண்டாம், இதே கோலார் மாவட்டத்து நரசாபுரா போதும். அங்கே ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலையில் 2020 டிசம்பர் 12 காலை தொழிலாளர்கள் கொதித்தெழுந்து, ஆலை அடித்து நொறுக்கப்பட்டது. பேசிய சம்பளம் வரவில்லை என்பது குறை. மிகக் குறுகிய காலத்தில் ஆட்கள் பல மடங்கு பெருகியிருந்தார்கள், பெரும்பாலோர் கான்ட்ராக்ட். எட்டு மணி ஷிஃப்ட் பன்னிரண்டு மணியானது. மின்னணு வருகைப் பதிவு சரியாக வேலை செய்யவில்லை என்பதைத் தொழிற்சாலைத் துறை அதிகாரிகளும் குறித்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, ஒரு துணைத் தலைவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. உடைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் “இயந்திரம் என் நாளைத் தவறாக எண்ணியிருக்கிறது” என்று சொல்லவும், அன்றைக்கே அதைத் திருத்தவும் ஒரு மேசை இருந்திருந்தால் கதை இந்த அளவுக்குப் போயிருக்குமா?

ஆகவே பங்கேற்பை நான் எடைபோடும் கல் யோசனைகளின் எண்ணிக்கை அல்ல. காரணப் பட்டியலைத் திருத்தத் தொழிலாளிக்கு உரிமை இருக்கிறதா? தன்னைப் பற்றிய பதிவை அவர் பார்க்க முடியுமா, மறுக்க முடியுமா? அந்தப் பதிவை வைத்துத் தண்டிக்க மாட்டோம் என்று சங்கத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? இவை இல்லாத பங்கேற்பு, கருவியை வாங்கி மாட்டிவிட்டு அதன் நிறம் பிடித்திருக்கிறதா என்று கேட்பதுதான்.

இவற்றை ஒத்துக்கொண்ட ஆலையிலும் ஒரு ஓட்டை இருக்கும். பங்கேற்புக் கூட்டத்துக்கு யார் வருகிறார்? பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளி, பகல் ஷிஃப்ட், சங்கப் பொறுப்பாளர். டேப்லெட்டை அதிகம் தொடுகிற கான்ட்ராக்ட் இளைஞரும் அப்ரண்டிஸும் அடுத்த ஆண்டு அங்கே இருப்பார்களா என்பதே உறுதியில்லை, அதனால் அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் பட்டறையில் திரை மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். கூட்டத்தைப் பிற்பகல் மூன்றரைக்கு வைத்தால் முதல் ஷிஃப்ட் ஆள் வீட்டுக்குப் போகத் துடிப்பார், மூன்றாம் ஷிஃப்ட் ஆள் தூங்கிக்கொண்டிருப்பார். ஷிஃப்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி, அதற்கும் சம்பளம் கொடுத்து, அந்த நேரத்தை ‘மெஷின் நின்ற நேரம்’ என்று எழுதாமல் இருக்க எத்தனை நிர்வாகங்கள் தயார்?