த பெர்சிவரன்ஸ் (ரேமண்ட் ஆன்ட்ரோபஸ் கவிதைத் தொகுப்பு) – விமர்சனம்

‘த பெர்சிவரன்ஸ்’, பிரித்தானியக் கவிஞர் ரேமண்ட் ஆன்ட்ரோபஸ் எழுதி 2018-இல் வெளிவந்த ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு. தலைப்புக்கு ‘விடாமுயற்சி’ என்று பொருள். ஆனால் நூலில் அது ஒரு மதுக்கடையின் பெயர். தந்தை உள்ளே குடித்துக்கொண்டிருக்க, சிறுவனான மகன் அந்தக் கடையின் வாசலில் காத்து நிற்கிறான். ஜமைக்கத் தந்தை, ஆங்கிலேயத் தாய், பிறவியிலேயே குறைந்த செவித்திறன் ஆகிய மூன்றும் சேர்ந்து லண்டன் இளைஞன் ஒருவனை எவ்வாறு உருவாக்கின என்பதே இத்தொகுப்பின் பொருள்.

காது சரியாகக் கேளாதவர் பிறரிடம் அதிகம் கேட்கும் வேண்டுகோள், ‘இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்பது. அதற்குக் கிடைக்கும் வழக்கமான பதில், ‘ஒன்றுமில்லை, விடுங்கள்’ என்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் ஆன்ட்ரோபஸின் கவிதைகள் எழுதப்பட்டிருக்கின்றன. தொகுப்பின் சிறந்த கவிதைகள் பலவும் சொன்னதையே திரும்பச் சொல்லும் வடிவங்களில் அமைந்திருப்பது தற்செயல் அல்ல.

கவிஞர்

ஆன்ட்ரோபஸ் 1986-இல் கிழக்கு லண்டனின் ஹேக்னி பகுதியில் பிறந்தார். அவருக்குக் காது கேட்பதில் குறை உண்டு என்பது ஏறத்தாழ ஆறு வயதில்தான் கண்டறியப்பட்டது. அதுவரை அவர் கவனமில்லாத, மந்தமான பிள்ளையாகவே கருதப்பட்டார். உயர்ந்த சுருதி ஒலிகள் அவர் காதில் விழுவதில்லை. பறவைக் குரலும் தொலைபேசி மணியும் ஆங்கிலத்தின் சில மெய்யொலிகளும் அவற்றுள் அடங்கும். பின்னாளில் லண்டனின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் மேடைக் கவிதைக் கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்றுப் பள்ளிகளில் கவிதை கற்பித்தார். தந்தை மறதிநோயால் பாதிக்கப்பட்டு 2014-இல் காலமானார். அந்த இழப்பிலிருந்தே இந்நூலின் பெரும்பகுதி பிறந்தது.

1948-இல் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் டில்பரி துறைமுகத்துக்கு வந்ததிலிருந்து தொடங்கிய கரீபியக் குடியேற்றத்தின் பிள்ளைகள் பிரித்தானிய இலக்கியத்துக்குப் புதியவர்கள் அல்லர். ஆன்ட்ரோபஸின் நிலை சற்று வேறுபட்டது. அவருடைய தோற்றத்தைக் கண்டு அவர் ஜமைக்கர் என்று யாரும் சொல்வதில்லை. அவருடைய பேச்சைக் கேட்டு அவர் காதுகேளாதவர் என்று நம்புவோரும் குறைவு. இரண்டுக்கும் அவர் சான்று காட்ட வேண்டியிருக்கிறது.

சான்று கேட்கும் உலகம்

இந்தச் சங்கடத்தை நேரடியாகப் பேசும் கவிதை ‘ஜமைக்கன் பிரிட்டிஷ்’. ஆரோன் சாமுவேல்ஸ் என்ற அமெரிக்கக் கவிஞரின் வழியில் எழுதப்பட்ட இது, கஜல் வடிவத்தைத் தழுவியது. கஜலில் ஒவ்வொரு ஈரடியும் ஒரே சொல்லிலோ தொடரிலோ முடியும். தமிழ் யாப்பில் அடிகளின் இறுதி ஒன்றி வரும் இயைபை இதற்கு நெருக்கமாகக் கருதலாம். இக்கவிதையில் திரும்பத் திரும்ப வரும் தொடர் ‘ஜமைக்கன் பிரிட்டிஷ்’ என்பதே.

மூக்கையும் முடியையும் காட்டி இவன் ஜமைக்கனாக இருக்க முடியாது என்று பிறர் மறுப்பதில் கவிதை தொடங்குகிறது. வீட்டில் உண்ட ஜமைக்க உணவுகள், பள்ளி உணவுக்கூடத்தில் நடந்த சண்டை, ஜமைக்கர்களையே வெறுப்பதாக மகன் வீட்டில் கத்தியது, அதைக் கேட்டுச் சிரித்த தந்தை மகனை ஜமைக்காவுக்கே அழைத்துச் சென்றது, கிங்ஸ்டனில் உறவுப் பிள்ளைகள் அவனை ஆங்கிலேயனாகக் கண்டு பெருமைப்பட்டது என்று கவிதை நகர்கிறது. லண்டனில் ஜமைக்கன் இல்லை என்று மறுக்கப்பட்டவன், ஜமைக்காவில் ஆங்கிலேயனாகக் கொண்டாடப்படுகிறான். இரண்டு இடத்திலும் அவனிடம் யாரும் கேட்டுவிட்டு முடிவு செய்யவில்லை.

இங்கே வடிவம் செய்யும் வேலை கவனிக்கத்தக்கது. அந்த இரு சொற்களும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நிற்பதில்லை. சில அடிகளில் சேர்ந்து ஒரே பெயராகின்றன. சில அடிகளில் நடுவே ஒரு முற்றுப்புள்ளி விழுந்து, ‘ஜமைக்கன்’ ஓர் அடியிலும் ‘பிரிட்டிஷ்’ அடுத்த அடியிலும் பிரிந்து நிற்கின்றன. கலப்பு என்பதை இரு பாதிகளின் இனிய சேர்க்கையாகக் காட்டாமல், ஓயாமல் சேர்ந்தும் பிரிந்தும் வரும் ஒன்றாகக் காட்டுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

‘மயாமி ஏர்போர்ட்’ கவிதையில் இதே அனுபவம் வேறு முகம் கொள்கிறது. அமெரிக்க விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் கவிஞரை விசாரிக்கிறார். அச்சில் இருப்பவை அதிகாரியின் கேள்விகள் மட்டுமே. பார்த்தால் காதுகேளாதவன்போல் தெரியவில்லையே என்ற ஐயமும் அதை மெய்ப்பிக்க முடியுமா என்ற கேள்வியும் அவற்றுள் வருகின்றன. பதில்கள் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் கேள்விகளுக்கு இடையே விடப்பட்ட வெற்றிடமே பதில். மூக்கைப் பார்த்து இனத்தைத் தீர்மானிப்பவரும் முகத்தைப் பார்த்துச் செவியைத் தீர்மானிப்பவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள் என்பதை இவ்விரு கவிதைகளும் சேர்ந்து காட்டுகின்றன. தொகுப்பில் இவை ஒன்றுக்கொன்று உரைபோல் அமைந்துள்ளன.

மதுக்கடை வாசல்

தலைப்புக் கவிதை செஸ்டினா என்ற கடினமான வடிவில் எழுதப்பட்டது. ஆறு அடிகள் கொண்ட ஆறு பத்திகள், இறுதியில் மூன்று அடிகள், ஆக 39 அடிகள். முதல் பத்தியின் ஆறு அடிகளும் எந்தச் சொற்களில் முடிகின்றனவோ, அதே ஆறு சொற்கள் ஒவ்வொரு பத்தியிலும் முறை மாறி அடியிறுதியில் வர வேண்டும். கடையின் பெயர், நிமிடம், முன்பு, தந்தை, மறைதல், சிரிப்பு ஆகியவை இக்கவிதை சுற்றிவரும் சொற்கள்.

ஒரு நிமிடத்தில் வந்துவிடுவதாகச் சொல்லி உள்ளே போன தந்தை வருவதில்லை. உள்ளிருந்து சிரிப்பொலி வருகிறது. இருட்டுகிறது. மகன் நிமிடங்களை எண்ணுகிறான். காத்திருக்கும் குழந்தையின் மனம் இப்படித்தான் நான்கைந்து சொற்களையே சுற்றிவரும். அதனால் செஸ்டினாவின் செயற்கைத்தன்மை இங்கே உறுத்துவதில்லை. கவிதை முடியும்போது தந்தை இறந்துவிட்டார். மகன் வளர்ந்துவிட்டான். ஆனாலும் அவன் அதே வாசலில் நின்று அதே சிரிப்புக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறான். எந்த ஒலி சிறுவனைத் தனிமைப்படுத்தியதோ, அந்த ஒலிக்காகவே பெரியவன் ஏங்குகிறான்.

தந்தையைக் குற்றவாளியாகவோ தியாகியாகவோ ஆக்காதது இத்தொகுப்பின் பெரிய நேர்மை. அவர் குடித்தார், பிள்ளையைத் தெருவில் நிறுத்தினார். அவரே பிறந்தநாள்தோறும் மகனுக்கு அகராதி வாங்கித் தந்தார், ஆண்டுக்கு ஆண்டு அது தடித்துக்கொண்டே போனது என்பதை ‘டு ஸ்வீட்டன் பிட்டர்’ என்ற கவிதை சொல்கிறது. அக்கவிதையில் தந்தையின் காப்பியில் சேரும் சர்க்கரை, கரும்புத் தோட்ட அடிமைமுறையின் நினைவையும் உடன் கொண்டுவருகிறது. ‘டிமென்ஷியா’ என்ற கவிதையோ மறதிநோயையே முன்னிலைப்படுத்திப் பேசுகிறது. சிக்கலான ஒரு மனிதரை அந்நோய் எளியவராக்கிவிட்டது என்று அது சொல்லும் இடத்தில் துயரமும் ஒருவித நன்றியும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன.

தொடக்கமும் முடிவும்

நூலின் முதல் கவிதை ‘எக்கோ’, அதாவது எதிரொலி. காது கேட்கும் கருவியின் கீச்சொலி, பார்சிலோனாவில் கௌடி எழுப்பிய தேவாலயம், குழந்தைப் பருவத்துச் செவிச் சோதனை ஆகியவற்றினூடாகச் செல்லும் நீண்ட கவிதை இது. ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு விளையாட்டுக் கட்டையை மேசைமேல் வைக்க வேண்டும் என்பது அந்தச் சோதனை. சோதனை முடிந்த பிறகும் குழந்தையின் கையில் கட்டைகள் நிறைய மிஞ்சியிருக்கின்றன. கேளாமல் போன ஒலிகளைக் கைநிறைய எடுத்துக் காட்டும் இப்படிமம், மருத்துவ அறிக்கை எதுவும் சொல்ல முடியாததைச் சொல்லிவிடுகிறது.

இறுதிக் கவிதை ‘ஹாப்பி பர்த்டே மூன்’. பிராங்க் ஆஷ் எழுதிய குழந்தைகள் கதைப்புத்தகத்தின் பெயர் இது. நிலவோடு பேசும் கரடிக்குட்டி, மலையில் பட்டுத் திரும்பும் தன் குரலையே நிலவின் பதில் என்று நம்பும் கதை அது. தந்தை இக்கதையை உரக்கப் படிக்க, மகன் அவர் விரலைப் பக்கத்தின்மேல் பின்தொடர்கிறான். கேட்காத சொற்களை விரல் காட்டுகிறது.

இக்கவிதை பாண்டூம் வடிவில் அமைந்தது. மலாய் மக்களின் பந்துன் பாடல்களிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற வடிவம் இது. ஒரு பத்தியின் இரண்டாம், நான்காம் அடிகள் அடுத்த பத்தியின் முதல், மூன்றாம் அடிகளாகத் திரும்பி வரும். தமிழ் அந்தாதியில் ஒரு பாட்டின் இறுதி அடுத்ததன் தொடக்கமாகிறது. பாண்டூமில் முழு அடிகளே திரும்புகின்றன. எதிரொலியில் தொடங்கிய நூல், எதிரொலியை நட்பாக எடுத்துக்கொண்ட கரடியின் கதையில் முடிகிறது. மதுக்கடை வாசலில் மகனை நிறுத்திய அதே தந்தை, இங்கே சலிக்காமல் திரும்பச் சொல்பவராக இருக்கிறார். ‘ஒன்றுமில்லை, விடு’ என்று அவர் சொல்லவில்லை. விடாமுயற்சி என்ற தலைப்பு தன் முழுப் பொருளையும் இந்த இடத்தில்தான் அடைகிறது.

கறுப்பு அடிக்கப்பட்ட கவிதை

தொகுப்பில் மிகுதியும் பேசப்பட்ட பக்கம், 1984 முதல் 1998 வரை அரசவைக் கவிஞராக இருந்த டெட் ஹியூஸ் எழுதிய ‘டெஃப் ஸ்கூல்’ என்ற கவிதை. ஆன்ட்ரோபஸ் அதன் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தந்து, கவிதை வரிகள் அனைத்தையும் கறுப்புப் பட்டைகளால் மறைத்துவிட்டார். காதுகேளாத குழந்தைகளைச் சுறுசுறுப்பான சிறு விலங்குகளாகவும், ஏதோ ஒன்று இல்லாதவர்களாகவும் ஹியூஸ் கண்டதற்கு இது மறுமொழி. அடுத்த பக்கத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் அக்கவிதையைப் படித்ததன் எதிர்வினையாக ஒரு கவிதை வருகிறது. தொகுப்புக்குப் பின்னர் டெட் ஹியூஸ் பெயரிலான விருதே கிடைத்தது இலக்கிய உலகின் முரண்களுள் ஒன்று.

இச்செயலின் நியாயத்தை மறுக்க முடியாது. காதுகேளாதவர் பார்வையில் பெரும்பாலான பேச்சு இப்படித்தான் கறுப்புப் பட்டைகளாக வந்து சேர்கிறது. கேட்பவர்களும் ஒரு பக்கமேனும் அந்த அனுபவத்தைப் பெறட்டும் என்பதுபோல் அப்பக்கம் நிற்கிறது. ஆயினும் ஹியூஸின் கவிதையை முன்பே படிக்காத வாசகர் எது மறுக்கப்படுகிறது என்பதை அறிய வழியில்லை. ஒரு குரலை முற்றாக மறைப்பது வலிமையான சைகை. அந்தக் குரலை வைத்துக்கொண்டே அதனோடு வாதிடுவது இன்னும் வலிமையாக இருந்திருக்கும்.

குறைகள்

தன் குடும்பத்தை எழுதும்போது ஆன்ட்ரோபஸிடம் உள்ள தயக்கமும் இருமனமும், பிறருக்காகப் பேசும் கவிதைகள் சிலவற்றில் காணப்படவில்லை. டிக்கன்ஸின் கதைமாந்தரையும் லாரா பிரிட்ஜ்மன், ஹெலன் கெல்லர் ஆகியோரையும் பற்றிய கவிதைகளில் தீர்ப்பு முன்னதாகவே எழுதப்பட்டுவிடுகிறது. ‘டியர் ஹியரிங் வேர்ல்ட்’ மேடையில் கேட்போரைக் கட்டிப்போடும் கவிதை. அச்சில் அதன் சினம் ஒரே சுருதியில் நிற்கிறது.

இதற்கு விலக்கு, 2016-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் காவலர் சுட்டு இறந்த காதுகேளாத இளைஞர் டேனியல் ஹாரிஸைப் பற்றிய கவிதை. ‘உயிரோடு’ என்பதற்கான சைகையில் மேல்நோக்கி நீளும் இரு சுட்டுவிரல்களைக் கவிஞர் வானை நோக்கிய துப்பாக்கிகளாகக் காண்கிறார். உயிரைக் குறிக்கும் கைகளும் உயிரைப் பறிக்கும் கருவியும் ஒரே உருவில் வருவதால், அங்கே தனியாகச் சினம் தேவைப்படவில்லை.

மற்றொரு குறை தாயைப் பற்றியது. கலப்புப் பிறப்பைப் பேசும் நூலில் தந்தையின் பாதி முழுக் குரலோடு ஒலிக்க, தாயின் பாதி ஓரமாகவே நிற்கிறது. ஆங்கிலேயப் பாதி விளக்கம் தேவையில்லாத இயல்புநிலை என்று எடுத்துக்கொள்ளப்பட்டதுபோல் ஓர் எண்ணம் எழுகிறது. 2021-இல் வெளிவந்த ‘ஆல் த நேம்ஸ் கிவன்’ தொகுப்பில் கவிஞரே இதை ஓரளவு நேர்செய்தார். செஷயர் பகுதியில் ஓர் ஊரின் பெயராகவும் விளங்கும் ‘ஆன்ட்ரோபஸ்’ என்ற குடும்பப் பெயரின் வரலாற்றை அந்நூல் தோண்டிப் பார்க்கிறது.

இலக்கிய இடம்

இத்தொகுப்பு 2019-இல் ராத்போன்ஸ் ஃபோலியோ பரிசைப் பெற்றது. அப்பரிசை வென்ற முதல் கவிதை நூல் இதுவே. அதே ஆண்டில் சண்டே டைம்ஸ் இளம் எழுத்தாளர் விருதும் கிடைத்தது. 2024-இல் வந்த ‘சைன்ஸ், மியூசிக்’ தொகுப்பில் ஆன்ட்ரோபஸ் தானே தந்தையாகி எழுதுகிறார்.

விருதுகளைத் தாண்டி இந்நூலுக்கு ஒரு பயன் உண்டு. வகுப்பறையில் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை மந்தமானவன் என்று முடிவு செய்யும் பழக்கம் ஹேக்னிக்கு மட்டும் உரியதல்ல. அப்பிள்ளையின் கையில் மிஞ்சியிருக்கும் கட்டைகளை எண்ணிப் பார்க்க இத்தொகுப்பு கற்றுத் தருகிறது. திரும்பச் சொல்வது தொல்லை அல்ல, அன்பின் வேலை என்பதை ஒரு குடிகாரத் தந்தையின் விரல்நுனியைக் கொண்டு அது மெய்ப்பிக்கிறது.