பால் குடித்த பிள்ளையாரும் பிழை ஒப்பாத நாமும்

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தார். டெல்லியில் விடியுமுன் தொடங்கிய செய்தி தொலைபேசி வழியே அன்றே லண்டன் வந்து சேர்ந்தது. சவுத்தோலில் சனம் பாலோடு வரிசையில் நின்றது. இந்திய விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து பார்த்தார்கள். கரண்டி விளிம்பு சிலையைத் தொட்டதும் பரப்பிழுவிசை பாலை வெளியே இழுத்தது. அது மெல்லிய படலமாகச் சிலையின் மேனி வழியே கீழே வடிந்தது. சமையலறையில் நிற்பவர்களுக்கு இதன் சொந்தக்காரரைத் தெரியும். கேத்தலை மெல்லச் சரித்தால் தேநீர் கோப்பைக்குள் விழாமல் மூக்கின் அடிவழியே ஒழுகும்.

எமது விமர்சனம் வரிசையில் நின்றவர்கள் மீதல்ல. அவர்களைப் பார்த்துச் சிரித்த எம்மீதுதான். 'பரப்பிழுவிசை' என்பதை நாமும் மந்திரம் போலத்தான் உச்சரித்தோம். ஒரு கரண்டி பாலை எடுத்துச் செய்து பார்த்தவர் எம்மில் எத்தனை பேர்? அந்த விளக்கத்துக்கு ஒரு மேன்மை உண்டு: யாரும் திரும்பச் செய்து பார்க்கலாம். செய்து பார்க்காதவரை அந்த மேன்மை எமதல்ல.

கேரளத்தில் பிறந்து யாழ். மத்திய கல்லூரியில் படிப்பித்த ஆபிரகாம் கோவூரை எம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தை வாசிப்பது போன்ற ஏதாவதொன்றைச் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963 இல் அவர் சவால் விட்டார். 1978 இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் வெல்லவில்லை. எமக்குப் பெரிதாகத் தெரிவது அந்தப் பணமல்ல. எது நடந்தால் தாம் தோற்றவர் என்பதை அவர் முன்கூட்டியே எழுதிவைத்தார். விஞ்ஞானச் சிந்தனைக்கும் மூடநம்பிக்கைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆயினும் 2006 ஆகஸ்டில் வட இந்தியாவில் பிள்ளையார் மறுபடி பால் குடித்தார். சவாலால் சாமியார்களை மடக்கலாம். பயத்தை மடக்க முடியாது. எம்மோடு கோப்பை கழுவிய நண்பரொருவரின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. என்ன நடக்குமென்று சட்டத்தரணியைக் கேட்டார், "சொல்லேலாது" என்றார். சாத்திரியைக் கேட்டார், அட்டமத்துச் சனி தையில் விலகும், பிறகு மேன்முறையீடு செய்யலாம் என்றார். தபாற்காரரின் காலடிக்கே நடுங்குபவர் இருவரில் யாரை நம்புவார்? கடிதத்தில் போட்டிருந்த கெடு சனிக்காகக் காத்திருக்கவில்லை. சாத்திரி பிழையை ஒப்பவுமில்லை. பரிகாரம் காணாது என்றார்.

நாம் சாத்திரியிடம் போகாதவர்கள். ஆனால் வருகிற சித்திரைக்கு ஊரில் நிற்போம் என்று எத்தனை சித்திரைகளுக்கு முன்பிருந்து சொல்லி வந்தோம்! எது நடந்தால் எமது கணிப்புப் பிழை என்று ஒருநாளாவது எழுதிவைத்தோமா? ஒவ்வொரு ஆரூடமும் பொய்த்தபோது எங்கே பிழைத்தது என்று தேடவில்லை. ஒரு துரோகியைத் தேடிப் பிடித்தோம். அதுவும் பரிகாரம் காணாது என்ற பேச்சுத்தான். சவுத்தோல் வரிசையைப் பார்த்து இனியும் சிரிக்க எமக்கு என்ன தகுதி இருக்கிறது?