தளத்துக்கு அடியில் அடைத்த நுரை

1961-இல் அமெரிக்காவின் லைஃப் இதழில் வந்த ஒரு படவரிசை சிறுபடகுத் தொழிலின் போக்கையே மாற்றியது. பாஸ்டன் வேலர் படகை உருவாக்கிய டிக் ஃபிஷர் அதில் உட்கார்ந்திருக்கும்போதே படகு நடுவில் இரண்டாக அறுக்கப்படுகிறது. படகு மூழ்கவில்லை. எஞ்சின் மாட்டிய பின்பாதியை அவர் ஓட்டிக்கொண்டு போகிறார். 1958-இல் விற்பனைக்கு வந்த அந்த 13 அடிப் படகின் கட்டுமானம் எளிது: வெளியே ஒரு ஃபைபர் ஓடு, உள்ளே ஒரு ஃபைபர் ஓடு, இரண்டுக்கும் நடுவே இடைவெளியின்றிப் பாலியூரிதேன் நுரை.

பத்து ஆண்டு கழித்து, 1971-இல், அமெரிக்காவில் படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் வகுத்த விதிகளின்படி, 20 அடிக்குக் குறைவான பெரும்பாலான மோட்டார் படகுகள் தண்ணீர் நிரம்பினாலும் மிதந்தாக வேண்டும். படகு கட்டுகிறவர்களுக்குக் கைக்கு எட்டிய வழி ஒன்று ஏற்கெனவே இருந்தது. இரண்டு திரவங்களைக் கலந்து தளத்துக்கு அடியில் ஊற்றினால் சில நிமிடங்களில் பொங்கி, மூலைமுடுக்கெல்லாம் நிரம்பி, கல்லாக இறுகிவிடும். பிறகு ஓட்டையை மூடித் தரைவிரிப்பை ஒட்டினால் வேலை முடிந்தது. இப்படிக் கட்டப்பட்ட படகுகள் முப்பது, நாற்பது வயதில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்குகிறவர்களில் பலர், தாங்கள் வாங்கியது பாதி படகு, பாதி தண்ணீர் என்பதைத் தளத்தை அறுத்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

நுரை அடைப்பதால் வரும் நன்மையைக் குறைத்துப் பேச முடியாது. வழக்கமாக ஊற்றும் நுரை லிட்டருக்கு 32 கிராம்தான். அந்த ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 970 கிராம் சுமையைத் தாங்கும். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர் தேடுவோர் கண்ணில் படுகிறார். படகை விட்டுவிட்டு நீந்தப் போனவர் பெரும்பாலும் படுவதில்லை. நடுங்க வைக்கும் குளிர்நீரில் அந்த மிதப்பு உயிருக்குச் சமம். நுரைக்கு வேறு பயன்களும் உண்டு. அடிப்புற ஓடு அதிராது, அலைச்சத்தம் அடங்கும், மெல்லிய தளம் காலடியில் அமுங்காது. சில படகுகளில் இந்த நுரையே கட்டுமானத்தின் ஓர் அங்கம். அதை அகற்றிவிட்டு வெறுமனே விட்டால் அடிப்புறம் உப்பித் தணிந்து அடிக்க ஆரம்பிக்கும்.

சிக்கல், நுரை உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. படகில் தண்ணீர் சேருமிடம் அடிப்பகுதி. ஊற்றிய நுரை அங்கே போய் நிறைகிறது. நீளவாக்கில் ஓடும் சட்டங்களில் நீர் வடிவதற்காக விட்டிருக்கும் துளைகளையும் அடைத்துவிடுகிறது. மழைநீர், மீன்பெட்டி கழுவிய நீர், தளத்தில் தளர்ந்த திருகு வழியாகக் கசிந்த நீர் என எது இறங்கினாலும் வெளியே போக வழியில்லை.

நுரை மூடிய அறைகளால் ஆனது, நீர் குடிக்காது என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். புதிதாக இருக்கும்போது அது பெருமளவு உண்மைதான். விதி கேட்கும் சோதனைகளும் அதைத்தான் பார்க்கின்றன: பெட்ரோல், எண்ணெய் போன்றவற்றில் மாதிரியை ஊறவைத்து, மிதப்பு எவ்வளவு குறைகிறது என்று அளக்கிறார்கள். அந்தச் சோதனைகள் 24 மணி நேரத்தில், மிஞ்சினால் 30 நாளில் முடிந்துவிடுகின்றன. படகோ முப்பது கோடைகளையும் முப்பது பனிக்காலங்களையும் பார்க்கிறது. அலையில் மோதி மோதி நுரையின் சிற்றறைச் சுவர்கள் உடைகின்றன. வெயிலில் தளம் சுட, அடிப்புறம் தண்ணீரில் குளிர, நடுவிலிருக்கும் நீராவி குளிர்ந்த பக்கம் போய் நுரைக்குள்ளேயே நீராகிறது. அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனிக்காலத்தில் அந்த நீர் உறைந்து விரிந்து இன்னும் சில அறைகளைப் பிளக்கிறது. 300 லிட்டர் நுரை காய்ந்திருக்கும்போது பத்து கிலோ கூட இல்லை. அதன் கொள்ளளவில் பாதி நீர் ஏறினால் 150 கிலோ. அந்தப் பாரத்தில் படகின் பின்புறம் தாழ்கிறது. தளத்து நீர் தானாக வடிய வைத்த துளைகள் நீர்மட்டத்துக்குக் கீழே போகின்றன. வெளிநீர் உள்ளே வருகிறது. மூழ்காமல் காக்க வந்த பொருள் படகை மூழ்கும் பக்கமே தள்ளுகிறது என்பதுதான் இந்த வழக்கத்தின் மீது எனக்குள்ள முதல் குற்றச்சாட்டு.

இரண்டாவது இதைவிடப் பெரியது. நுரைக்கு இருபுறமும் நிற்பவை பெரும்பாலும் ஃபைபர் போர்த்திய பிளைவுட் சட்டங்கள். எஞ்சின் தொங்கும் பின்பலகையும் உள்ளே பிளைவுட்தான். மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் மிதமான சூடும் சேர்ந்து வேண்டும். முழுக்க நீரில் அமிழ்ந்த மரத்தில் காற்றில்லை, அது உளுக்காது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்திலும் பூஞ்சை வளராது. ஊறிய நுரையை ஒட்டி நிற்கும் மரத்துக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை. அது எப்போதும் நனைந்தும் நனையாமலும் இருக்கிறது. இதில் மழைநீர் கடல்நீரைவிடக் கொடியது. உப்பு பூஞ்சையைத் தடுக்கும். பழைய மரக்கப்பல்களின் விலாச்சட்டங்களுக்கு நடுவே கல்லுப்பைக் கொட்டி வைத்தது இதற்காகத்தான். ஏரியில் ஓடி, கொல்லைப்புறத்தில் மூடாமல் நிற்கும் படகுதான் கடலில் உழைக்கும் படகைவிட முன்னதாக உளுக்கிறது. நுரைக்குள் புதைத்த அலுமினிய டாங்கிக்கும் இதே கதிதான்: காற்றுப்படாத ஈரம் உலோகத்தில் குழி குழியாக அரித்து, கடைசியில் பெட்ரோல் கசிகிறது.

உளுத்தது வெளியே தெரிவதில்லை. ஃபைபர் ஓடு பளபளப்பாகவே இருக்கும். ஆனால் சுத்தியலின் கைப்பிடியால் பின்பலகையை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தால், ‘டக் டக்’ என்ற கெட்டிச் சத்தம் ஓரிடத்தில் ‘தொப்’ என்று மாறும். அங்கே உள்பக்கமாக ஒரு திருகைக் கழற்றினால், சுற்றாமலே கையோடு வந்துவிடும். துளையிலிருந்து பழுப்பு நீர் ஒழுகும். சிறிய துரப்பணத்தை விட்டு இழுத்தால் மஞ்சள் மரச்சுருள் வருவதற்குப் பதிலாகப் பிழிந்த புளிச்சக்கை போல ஒன்று வரும். ஈரமானியை மட்டும் நம்புகிறவர்கள் ஏமாறுவார்கள். செம்பு கலந்த அடிப்பூச்சோ பின்னால் ஓர் உலோக டாங்கியோ இருந்தால் காய்ந்த இடத்தையும் ஈரமென்று காட்டும். என்னைக் கேட்டால், மிகவும் நேர்மையான கருவி லாரி எடைமேடை. படகையும் டிரெய்லரையும் ஏற்றி எடை பார்த்து, டிரெய்லர், எஞ்சின், எரிபொருள் ஆகியவற்றைக் கழித்து, தயாரிப்பாளர் குறித்த எடையோடு ஒப்பிட்டால் படகு குடித்த நீரின் கணக்கு கிலோவில் வந்துவிடும். பழைய படகை விலை பேசுகிறவர்கள் இதைச் செய்யாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இனி, பழுது பார்ப்பதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, துளைகள் போட்டு நீரை வடித்து, மெல்லிய எபாக்சியை உள்ளே செலுத்துவது. செலவு குறைவு, இரண்டொரு நாளில் முடியும், அதனால்தான் விரும்பப்படுகிறது. ஒரு திருகுத் துளையைச் சுற்றிக் கையகல இடம் மட்டும் மெத்தென்றிருந்து, அதைக் காயவைக்கவும் முடிந்தால், இந்த வழியில் குற்றமில்லை. சட்டமோ பின்பலகையோ பரவலாக உளுத்திருந்தால் இது வெறும் பூசி மெழுகும் வேலை. ஈரமான மரத்துக்குள் எபாக்சி இறங்காது. நார் இற்றுப்போன மரத்தை எபாக்சியில் ஊறவைத்தாலும் இழந்த வலு திரும்பாது. பூஞ்சையும் ஈரமும் சேர்ந்து உள்ளே அடைபடுவதுதான் மிச்சம். நுரையும் அப்படியே. அடியில் எத்தனை துளை போட்டாலும் தளர்ந்த நீர் மட்டும் வடியும். சிற்றறைகளுக்குள் ஏறிய நீர் அசையாது. அதை இருக்கிற இடத்திலேயே உலர்த்தி மீட்டதாகச் சொல்லும் பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை.

இரண்டாவது வழி, தளத்தை அறுத்துத் திறப்பது. ஓரத்தில் நாலு விரல் அகல விளிம்பு விட்டு அறுத்துத் தூக்கி, நுரையை மண்வெட்டியால் வெட்டி அள்ளி, உளுத்த சட்டங்களைப் பெயர்த்து, புதிய பிளைவுட்டை எபாக்சியில் பதித்து, மேலே கண்ணாடியிழை போர்த்த வேண்டும். சட்டங்கள் இல்லாத படகு கிடக்கும் இடத்துக்கு ஏற்பக் கோணிவிடும். அதனால் அடியில் சரியான முட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்துச் சட்டத்தை மாற்றி முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். அறுத்த ஃபைபரை மீண்டும் இணைக்கும்போது தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்ப்பது எபாக்சி வேலைக்காரர்களின் வழக்கம். அந்தத் தூள் தோலில் பட்டால் நாள்கணக்கில் அரிக்கும். முகமூடி இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. அள்ளிய நுரையைக் கொளுத்துவதும் ஆபத்து. பாலியூரிதேன் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். கூலி கொடுத்துச் செய்தால் செலவு படகின் விலையைத் தாண்டிவிடுவது சகஜம். அப்படியிருந்தும் கேட்கிறவர்களுக்கு இந்த வழியைத்தான் சொல்வேன். உளுத்த பின்பலகையில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட எஞ்சின் தொங்குகிறது. முழு வேகத்தில் அது பெயர்ந்து போனால் படகின் பின்புறமே திறந்துவிடும்.

நம் கடற்கரைக்கும் இதில் பங்குண்டு. கட்டுமரம் ஓட்டியவர்களுக்கு மரம் நீர் குடிக்கும் என்பது அன்றாடப் பாடம். கரை வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். பிரிக்க முடிந்ததால் காய்ந்தது, காய்ந்ததால் நிலைத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு சோழமண்டலக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. மிதப்புக்காக நுரையோ தெர்மோகோலோ அடைத்து மூடிய அறைகள் கொண்ட படகுகளும் அவற்றில் அடங்கும். அலையோடு வந்து மணலில் மோதி ஏறும் படகில் அந்த அறைகளின் மூட்டுகள் விரிசல் விடாமல் இருக்க வாய்ப்பில்லை. தெர்மோகோல் பெட்ரோல் பட்டாலும் கரையும், ஃபைபர் வேலைக்கான பாலியெஸ்டர் ரெசின் பட்டாலும் கரையும். அறைக்குள் மிச்சம் இருப்பது வெறும் காற்றா நுரையா என்பது திறந்தால்தான் தெரியும். பிளைவுட்டிலும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பலகைக்கும் சாதாரணப் பலகைக்கும் இடையிலான விலை வித்தியாசத்தை மிச்சம் பிடித்தால், சில மழைக்காலங்களில் படகுக்காரர் அதைப் பல மடங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

நுரையை எடுத்த பின் திரும்ப அடைக்காமலே தளத்தை மூடிவிடும் ஒரு போக்கும் பரவியிருக்கிறது. நுரைமீது வந்த கோபம் நியாயமானது, முடிவு தவறு. மூடிய காற்றறையில் ஒரு விரிசல் விழுந்தால் மிதப்பு முழுவதும் போய்விடும். அதே சமயம், தளத்துக்கு அடியில் இருக்கும் இடம் முழுவதையும் நிரப்ப வேண்டிய தேவையும் இல்லை. 17 அடிப் படகு ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபைபர் நீரில் அமிழ்ந்தால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தாங்க வேண்டும். 350 கிலோ ஓட்டுக்குச் சுமார் 117 கிலோ. எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் 110 கிலோ, நீரில் பெரும்பகுதி அமிழ்ந்து படகைப் பிடித்திருக்கும் நாலு பேருக்கு 100 கிலோ என்று வைத்தால், 340 லிட்டர் நுரை போதும்.

அந்த நுரை எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடியில் மட்டும் இருந்தால், நீர் நிரம்பிய படகு மிதக்கும். ஆனால் வயிற்றை மேலே காட்டிக் கவிழ்ந்து மிதக்கும். இரு பக்கவாட்டின் உள்பக்கம் விளிம்பை ஒட்டியும் எஞ்சினுக்கு அருகிலும் உயரத்தில் இருந்தால் நிமிர்ந்து மிதக்கும். அமெரிக்க விதியே, பின்பலகையில் எஞ்சின் தொங்கும் அவுட்போர்டு படகுகளிடம் இந்த நிமிர்ந்த மிதப்பைக் கேட்கிறது. பக்கத்துக்கு 4 மீட்டர் நீளம், 30 செ.மீ. உயரம், 14 செ.மீ. தடிமன் என்று கட்டிகளாக வெட்டி, துணியுறை போட்டுப் பட்டையால் கட்டினால் ஏறக்குறைய அந்த 340 லிட்டருக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. அங்கே தேங்கும் நீர் எட்டாது, காற்று படும், அடித்தளம் வடிகாலுக்குத் திறந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை அவிழ்த்து ஒரு கட்டியைக் கையில் தூக்கினாலே அது நீர் குடித்திருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.