இழுபடும் வண்டிக்கு பிரேக் யார் போடுவது?

வேங்கிக்கால் வழியாகப் போகும் வேலூர் சாலையில் வண்டியை வண்டி இழுப்பது இரண்டு வகை. நின்றுபோன காரைக் கயிறு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுப்பது ஒன்று. கரும்போ நெல் மூட்டையோ ஏற்றிய டிரெய்லரை டிராக்டர் இழுப்பது மற்றது. காரில் பிரேக் போட ஓர் ஆள் இருக்கிறார். டிரெய்லரில் ஆளும் இல்லை, பெரும்பாலும் பிரேக்கும் இல்லை. பாரம் கூடிய வண்டிக்குத்தான் காவல் குறைவு.

காரைப் பற்றி 1989ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகளே தெளிவாகப் பேசின: இழுபடும் வண்டியின் ஸ்டியரிங்கில் உரிமம் உள்ளவர் உட்கார வேண்டும், இல்லையேல் முன்சக்கரங்களைத் தூக்கிக் கட்ட வேண்டும், இடைவெளி 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, வேகம் 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் மோட்டார் ஹோமுக்குப் பின்னால் ஆளில்லாத காரைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். முன்வண்டி வேகம் குறைந்ததும் காரின் பிரேக் பெடலை அமுக்க, அதன் முன்னால் ஒரு பெட்டியை வைக்கிறார்கள். அந்த வேலையை இங்கே மனிதர் பார்க்கிறார். செலவில்லை, கூடவே கண்ணும் உண்டு. பள்ளத்தை முன்கூட்டியே பார்த்து லேசாக பிரேக்கைத் தொட்டு, கயிறு தொய்யாமல் வைத்துக்கொள்ள எந்தப் பெட்டிக்கும் தெரியாது.

ஆனால் எஞ்சின் ஓடாத காரில் பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்காது. இரண்டு மூன்று அமுக்கலில் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் கனக்கும். சாவியைத் திருப்பி வைக்காவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். இதெல்லாம் தெரியாத ஒரு பையனைத்தான் பல நேரம் உள்ளே உட்கார வைக்கிறோம்.

இனி டிராக்டர். சாதாரண டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே. 2 டன் டிராக்டர் தனியாக 6 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் பிரேக் இல்லாத 6 டன் டிரெய்லர் சேர்ந்தால், அதே வேகத்தில், அதே பிரேக் விசைக்கு 24 மீட்டர் வேண்டும். டிரெய்லரின் பாரத்தில் ஒரு பங்கு கொக்கி மேல் இறங்கி டயர் பிடிப்பைக் கூட்டும். கணக்கு சற்றுத் தளரும், அவ்வளவுதான். திருப்பத்தில் பிரேக் போட்டால் டிரெய்லர் பின்னாலிருந்து நெட்டித் தள்ளி டிராக்டரை மடக்கிவிடும். வயலில் தனித்தனியாக மிதித்த இடது, வலது பிரேக் பெடல்களைக் கொக்கி போட்டு இணைக்காமல் சாலைக்கு வந்தால் ஆபத்து இரட்டிப்பு.

‘சேற்றில் ஓடுற டிரெய்லருக்கு பிரேக் எதுக்கு?’ என்ற விவசாயியின் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. டிரம்முக்குள் மண் புகும், செலவு கூடும். ஆனால் இழுவைக் கம்பி மேல் விழும் தள்ளுவிசையாலேயே இயங்கும் பிரேக் உண்டு. மின்சாரமோ காற்றோ கேட்காது. ரிவர்ஸ் எடுக்கையில் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதற்கொரு தடுப்பு வேண்டும். கொக்கி கழன்றால் பிரேக் லீவரை இழுக்க ஒரு சங்கிலியும் வேண்டும். வயலுக்குள்ளேயே உழலும் டிரெய்லர்களை விட்டுவிடலாம். செய்யாறு கூட்டுறவு சர்க்கரை ஆலை போன்ற ஆலைகளுக்கு நெடுஞ்சாலை வழியே கரும்பு ஏற்றிப்போகும் டிரெய்லர்களுக்காவது இதைக் கட்டாயமாக்க வேண்டும். அந்தச் செலவில் ஒரு பங்கைக் கரும்பு வாங்கும் ஆலையும் ஏற்பதே முறை.